ஏபிஎல் கைனேஸை எந்தப் பக்கத்திலிருந்து அடக்குவது?

கட்டுமீறினால் ரத்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் நொதியான ஏபிஎல் கைனேஸின் முப்பரிமாண வடிவத்தைக் கணினித் திரையில் சுழற்றிப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது நடுவில் இருக்கும் பிளவு. மேலே சிறிய மடல், கீழே பெரிய மடல், இரண்டுக்கும் இடையில், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி வந்து உட்காரும் இடம். அப்படியே மூலக்கூறைக் கவிழ்த்துப் பெரிய மடலின் அடிப்புறத்தைப் பார்த்தால் இன்னொரு பொந்து தெரியும். ஆழமானது, நீரை அண்டவிடாதது. ஏடிபிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. கட்டுமீறிப் போன இந்த நொதியை ஒரு சிறு மூலக்கூறால் அடக்க வேண்டும் என்றால் எங்கே கைவைப்பது? பிளவிலா, பொந்திலா? அல்லது இரண்டையும் விட்டுவிட்டு நொதியையே செல்லைக்கொண்டு அழித்துவிடலாமா?

இது மருந்தை வடிவமைப்பவர் முன்னால் இருக்கும் தேர்வு. நோயாளி எந்த மாத்திரையை எடுத்துக்கொள்வது என்பது வேறு விஷயம். அவருடைய இதயம், நுரையீரல், அவர் உடலில் இருக்கும் மரபு மாற்றம் எல்லாவற்றையும் பார்த்து மருத்துவர் முடிவுசெய்வது அது. இங்கே பேச்சு நொதியைப் பற்றி மட்டும்.

கைனேஸின் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ஏடிபியின் கடைசி பாஸ்பேட்டைப் பறித்து இன்னொரு புரதத்தின் மேல் வைப்பது. ஏபிஎல் அதை டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் வைக்கும். பாஸ்பேட் ஏறியதும் அந்தப் புரதத்தைப் புதிய கூட்டாளிகள் வந்து பற்றிக்கொள்வார்கள். செய்தி அடுத்த கைக்குப் போய்ச் சேரும். மனித மரபணுத் தொகுதியில் 518 கைனேஸ்கள் இருப்பதாக 2002இல் கணக்கிட்டார்கள். அவற்றில் டைரோசின் வகை 90. அத்தனைக்கும் ஏடிபிதான் தீனி. அத்தனையின் பிளவும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தது. கீழே வரப்போகும் தலைவலிகளில் பாதிக்கு வேர் இந்த ஒற்றுமைதான்.

இயல்பான செல்லில் ஏபிஎல் பெரும்பாலும் அடங்கித்தான் கிடக்கும். செல்லின் சட்டகத்தை மாற்றி அமைக்கும்போதும், டிஎன்ஏ சேதமடையும்போதும் விழித்துக்கொண்டு வேலை செய்துவிட்டு மறுபடி அடங்கிவிடும். அது எப்படி அடங்குகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் தேர்வு முழுவதும் அதில்தான் தொங்குகிறது.

தன் வாலைத் தானே விழுங்கும் நொதி

புரதச் சங்கிலியில் கைனேஸ் பகுதிக்கு முன்னால் எஸ்எச்3, எஸ்எச்2 என்று இரண்டு சிறு பகுதிகள் இருக்கின்றன. எஸ்எச்3 மேல் மடலின் முதுகுப் பக்கமாகவும் எஸ்எச்2 கீழ் மடலின் பக்கமாகவும் படிந்து, இரு மடல்களையும் இறுக்கிப் பிடிக்கின்றன. பிடி இறுகினால் மடல்கள் தாராளமாக அசைய முடியாது; அசையாவிட்டால் வேலை நடக்காது.

அந்தப் பிடியை நிலைநிறுத்துவது ஒரு கொழுப்பு வால். ஏபிஎல்லின் 1பி என்ற வடிவத்தில், சங்கிலி தொடங்கும் இடத்தில் 14 கார்பன் நீளமுள்ள மிரிஸ்டிக் அமிலம் ஒட்டியிருக்கிறது. அது சுற்றி வந்து, முன்பு சொன்ன அடிப்பொந்துக்குள் தலையை நுழைத்துக்கொள்கிறது. நுழைந்த உடனே கீழ் மடலின் கடைசிச் சுருள், ஆல்ஃபா-ஐ என்று பெயர், நடுவில் மடங்குகிறது. மடங்கினால்தான் எஸ்எச்2 வந்து உட்கார இடம் கிடைக்கும். சுருள் நீட்டிக்கொண்டு நின்றால் அதன் நுனி இடித்து எஸ்எச்2வைத் தள்ளிவிடும். ஜான் குரியன் குழுவும் ஜூலியோ சுப்பெர்ட்டி-ஃபுர்கா குழுவும் 2003இல் இதை வெளியிட்டபோதுதான், ஒரு கொழுப்பு அமிலம் வெறும் நங்கூரமாக இல்லாமல் தாழ்ப்பாளாகவும் இருக்க முடியும் என்பது தெளிவானது.

நோய் வரும்போது என்ன நடக்கிறது? 1960இல் நோவலும் ஹங்கர்ஃபோர்டும் நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயாளிகளின் செல்களில் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள். பிலடெல்ஃபியா குரோமோசோம் என்று பெயர் வந்தது. 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் வந்த குட்டை அது என்று 1973இல் ஜேனட் ரௌலி கண்டுசொன்னார். அந்த ஒட்டுவேலையில் ஏபிஎல்லின் முதல் பகுதி அறுந்துபோய், அந்த இடத்தில் பிசிஆர் என்ற வேறொரு புரதத்தின் தலைப்பகுதி வந்து சேர்கிறது. இப்படி உருவாவதுதான் ஒட்டுப்புரதம். பிசிஆர் தலைக்கு ஒரு பழக்கம் உண்டு: தன்னைப் போன்ற நான்கைக் கூட்டிச் சேர்த்துக்கொள்ளும். அருகருகே வந்த கைனேஸ்கள் ஒன்றன் மேல் ஒன்று பாஸ்பேட் வைத்து ஒன்றையொன்று உசுப்பிவிடுகின்றன. கொழுப்பு வால்? அது அறுந்துபோன பகுதியோடு போய்விட்டது. ஆனால் அது நுழையும் பொந்து அப்படியே இருக்கிறது. சாவி தொலைந்துவிட்டது, துளை காலியாகக் கிடக்கிறது.

பிளவுக்குள் போகும் இரண்டு வழிகள்

பிளவைக் குறிவைப்பவருக்கு உள்ளேயே ஒரு கிளைத் தேர்வு இருக்கிறது. நொதி விழித்திருக்கும் வடிவத்தைப் பிடிப்பதா, உறங்கும் வடிவத்தைப் பிடிப்பதா? வித்தியாசம் மூன்று அமினோ அமிலங்களில் இருக்கிறது: அஸ்பார்ட்டிக் அமிலம், பினைல்அலனின், கிளைசின். விழித்திருக்கும்போது அஸ்பார்ட்டிக் அமிலம் உள்பக்கம் திரும்பி, ஏடிபியோடு வரும் மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். உறங்கும்போது இந்தக் கூட்டம் அப்படியே புரண்டுவிடும். அஸ்பார்ட்டிக் அமிலம் வெளியே. பினைல்அலனின் இருந்த இடத்தில் ஒரு புதிய இடுக்கு திறக்கும்.

விழித்திருக்கும் வடிவத்தில் உட்காரக்கூடிய மருந்துக்கு டாசாட்டினிப் நல்ல உதாரணம். 2006இல் அனுமதி பெற்றது. நொதி புரள வேண்டும் என்று காத்திருக்காது, பிடி மிகவும் இறுக்கம், முதலில் வந்த மருந்தான இமாட்டினிப்பைவிடச் சில நூறு மடங்கு வலிமை. விலை என்னவென்றால், விழித்திருக்கும் வடிவத்தில் கைனேஸ்கள் எல்லாம் ஒரே சாயல். டாசாட்டினிப் எஸ்ஆர்சி என்ற இன்னொரு கைனேஸின் குடும்பத்தையும் சேர்த்துப் பிடிக்கும். நுரையீரலைச் சுற்றி நீர் கோப்பது அதன் பேர்போன பக்கவிளைவு. ஆய்வுக்கூடத்தில் ஒரு கைனேஸை விரைவாக முடக்கி என்ன ஆகிறது என்று பார்க்க இந்த வழி போதும். மருந்தாகத் தொடங்க நான் இதை முதலில் எடுக்கமாட்டேன்.

உறங்கும் வடிவத்தைப் பிடித்தது இமாட்டினிப். 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான படிக அமைப்பில் அதன் பிடி தெரிந்தது: ஒரு முனை ஏடிபியின் இடத்தில், மறுமுனை புரண்ட பினைல்அலனின் விட்டுப்போன இடுக்கில், நடுவில் 315ஆம் திரியோனினோடு ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு. மருத்துவத்தில் அது செய்த மாற்றத்தை ஒரே எண் சொல்லும். புதிதாக நோய் கண்டறியப்பட்டு இமாட்டினிப் பெற்றவர்களைத் தொடர்ந்து கவனித்த ஐரிஸ் ஆய்வில், 10 ஆண்டு முடிவில் உயிர்வாழ்வு 83.3 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள்.

இமாட்டினிப் ஏபிஎல்லைப் பிடித்துக்கொண்டு எஸ்ஆர்சியை ஏறக்குறைய கண்டுகொள்ளாமல் விடுவது ஏன் என்பதற்கு நாங்கள் நெடுநாள் தவறான பதிலையே மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். 'எஸ்ஆர்சி அப்படிப் புரளாது, அதனால் இடமில்லை' என்பது அந்தப் பதில். அழகான விளக்கம்தான், ஆனால் எஸ்ஆர்சியும் புரள்கிறது. இமாட்டினிப்போடு படிகமாக்கிப் பார்த்தால் அதே வடிவத்தில், அதே பொருத்தத்தில் உட்கார்ந்திருக்கிறது. மருந்தைத் தொடும் அமினோ அமிலங்களும் ஏறக்குறைய அவையேதான். டொரத்தி கெர்ன் குழு 2014இல் காட்டியது என்னவென்றால், மருந்து உள்ளே வந்த பிறகு நொதி தன்னை அதைச் சுற்றி இறுக்கிக்கொள்ளும் அசைவு ஏபிஎல்லில் மருந்துக்குச் சாதகமாக இருக்கிறது, எஸ்ஆர்சியில் அப்படி இல்லை. உட்கார்ந்த பிறகு எடுத்த படத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. நிலைத்த படத்தை மட்டும் நம்பித் தேர்வுசெய்யக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எச்சரிக்கை எனக்குத் தெரியாது.

உறங்கும் வடிவத்தைப் பிடிக்கும் வழியின் பலவீனமும் அதன் பலத்திலேயே இருக்கிறது. புற்றுநோய்ச் செல் செய்ய வேண்டியதெல்லாம் நொதியை உறங்கவிடாமல் செய்வது அல்லது இடுக்கின் வாயில் ஒரு கல்லை வைப்பது. இரண்டாவதைத்தான் அது அடிக்கடி செய்கிறது. 315ஆம் இடத்துத் திரியோனின் ஐசோலியூசினாக மாறும் மாற்றத்தை 2001இலேயே சார்லஸ் சாயர்ஸ் குழு கண்டது. ஹைட்ரஜன் பிணைப்பும் போயிற்று, வழியில் ஒரு பருமனான பக்கச் சங்கிலியும் வந்து நின்றது. இமாட்டினிப், நிலோட்டினிப், டாசாட்டினிப், போசுட்டினிப் என்ற பிளவு மருந்துகள் நான்கும் அந்த ஓர் இடத்தில் தோற்றன. அந்த அமினோ அமிலத்துக்கு 'வாயிற்காவலர்' என்று பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம்!

காவலரைத் தாண்டிச் செல்ல போனாட்டினிப் வந்தது. நடுவில் கார்பன்–கார்பன் மும்மைப் பிணைப்பு. ஊசிபோல் மெலிந்த, நேரான அந்தத் துண்டு ஐசோலியூசினை உரசாமல் கடந்துவிடும். வேதியியலாகப் பார்த்தால் கைதட்டத் தோன்றும். 2012 டிசம்பரில் அனுமதி, 2013 அக்டோபரில் தமனிகளில் ரத்தம் உறைவது குறித்த கவலையால் அமெரிக்காவில் விற்பனை நிறுத்தம், பிறகு கட்டுப்பாடுகளோடு மறுபடி அனுமதி. பல கைனேஸ்களையும் சேர்த்துப் பிடிக்கும் மூலக்கூறு அது. பிளவுக்குள் இறுக்கத்தைக் கூட்டக் கூட்ட, அண்டை வீட்டுக் கதவுகளும் சேர்ந்து பூட்டிக்கொள்கின்றன.

அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு சங்கதி உண்டு. எஸ்எச்3, எஸ்எச்2, கைனேஸ் மூன்றும் சேர்ந்த துண்டை ஸ்டீஃபன் கிரிசெக் குழு அணுக்காந்த ஒத்ததிர்வு முறையில் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டது. இமாட்டினிப் பிளவில் உட்கார்ந்ததும் அந்த இறுக்கமான கட்டு அவிழ்ந்துபோகிறது! மருந்து கைனேஸை முடக்குகிறது, ஆனால் நொதியின் சொந்தப் பிடியைத் தளர்த்தியே முடக்குகிறது.

அடிப்பொந்து

மூன்றாவது வழி காலியாகக் கிடக்கும் துளைக்கு ஒரு மாற்றுச் சாவி செய்வது. அசிமினிப் அதைத்தான் செய்கிறது: மிரிஸ்டிக் அமிலத்தின் இடத்தில் போய் உட்கார்ந்து, ஆல்ஃபா-ஐ சுருளை மடக்கி, எஸ்எச்2வை மறுபடி அமரவைக்கிறது. இப்படி அடங்கும் கைனேஸ்கள் மிகக் குறைவு என்பதால் ஏபிஎல்லையும் அதன் உடன்பிறப்பான ஏபிஎல்2வையும் தவிர மற்றவை பெரும்பாலும் தப்பித்துக்கொள்கின்றன. ஏடிபியோடு போட்டி போடவும் வேண்டாம். பிளவுக்குள் போகும் மருந்து செல்லில் மில்லிமோலார் அளவில் நிறைந்திருக்கும் ஏடிபியை முண்டியடித்துக்கொண்டு போக வேண்டும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை.

பொந்தில் எதைத் திணித்தாலும் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அசிமினிப் உருவான பாதையில், பொந்துக்குள் நன்றாகவே ஒட்டிக்கொண்டும் நொதியை அடக்காத மூலக்கூறுகள் கிடைத்தன. ஒட்டின, ஆனால் சுருளை மடக்கவில்லை. அப்படிப்பட்டவற்றில் சில மிரிஸ்டிக் அமிலம் வர வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு நொதியை மேலும் தூண்டிவிடவும் செய்யும். ஆகவே 2010இல் சுருள் மடங்குகிறதா என்பதை மட்டும் பார்க்கும் ஒரு ஒத்ததிர்வுச் சோதனையை உருவாக்கினார்கள். சுருளில் ஒரே ஓர் அமினோ அமிலத்தின் சமிக்ஞை நகர்கிறதா என்று பார்ப்பது. பிணைப்பின் வலிமையை மட்டும் வரிசைப்படுத்தி அட்டவணை போட்டிருந்தால், தூண்டியும் அடக்கியும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நின்றிருக்கும்.

முடிவுகள்? முன்பே இரண்டு மருந்துகளாவது பயன்படுத்திப் பலனில்லாமலோ தாங்க முடியாமலோ போனவர்களிடம் போசுட்டினிப்போடு ஒப்பிட்ட ஆய்வில், 24ஆம் வாரம் குறிப்பிட்ட மூலக்கூறு அளவிலான பலனை (ரத்தத்தில் ஒட்டுமரபணுவின் தடயம் வெகுவாகக் குறைவதை) எட்டியவர்கள் அசிமினிப்பில் 25.5 சதவீதம், போசுட்டினிப்பில் 13.2 சதவீதம். 2021 அக்டோபரில் அனுமதி. புதிதாக நோய் கண்டவர்களிடம் செய்த ஆய்வு 2024இல் வெளிவந்தது: 48ஆம் வாரத்தில் 67.7 சதவீதம், மருத்துவர் தேர்ந்தெடுத்த பிளவு மருந்துகளில் 49.0 சதவீதம்.

குறைகளும் உண்டு, அவை வேறு மாதிரியானவை. பொந்தின் சுவரில் 337ஆம் அலனின் வேலினாக மாறினால் சாவி உள்ளே போகாது. வாயிற்காவலர் மாறியிருந்தால் அசிமினிப் வேலை செய்கிறது, ஆனால் சும்மா அல்ல: வழக்கமான அளவு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம், இந்த மாற்றத்துக்கு 200 மில்லிகிராம் இரண்டு வேளை. பொந்து பிளவிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறதே, 315ஆம் இடத்தில் நடப்பது அதை ஏன் பாதிக்க வேண்டும்? அந்த மாற்றம் நொதியின் விழிப்பு வடிவத்தை இன்னும் உறுதிப்படுத்துகிறது. விழித்துக்கொண்டே இருக்க நினைப்பவனைக் கட்டிப்போடக் கயிறு அதிகம் தேவை. மூன்றாவது குறை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது அமைப்பிலிருந்தே முன்கூட்டி ஊகிக்கக்கூடியது. சில நோயாளிகளின் ஒட்டுப்புரதத்தில் எஸ்எச்3யின் ஒரு பகுதியே இருக்காது. எஸ்எச்3 இல்லாமல் பிடி முழுமையடையாது. அங்கே அசிமினிப் தடுமாறுகிறது. சாவி சரி, துளை சரி, தாழ்ப்பாளைக் காணோம்.

அழித்துவிடுவது

நான்காவது வழியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஏபிஎல்லைப் பொறுத்தவரை இது இன்னும் ஆய்வுக்கூடத்துக் கதை. மூலக்கூறின் ஒரு முனை ஏபிஎல்லைப் பிடிக்கும், மறுமுனை செல்லின் கழிவகற்றும் நொதியைப் பிடித்து இழுத்து வரும். ஏபிஎல் அழிக்கவேண்டிய சரக்கு என்று குறிபெற்றுச் சிதைக்கப்படும். 2016இல் கிரெய்க் குரூஸ் குழு இதைச் செய்தது. டாசாட்டினிப்பை முனையாக வைத்தபோது ஒட்டுப்புரதம் அழிந்தது. இமாட்டினிப்பை வைத்தபோது பிடித்ததோடு சரி, அழியவில்லை. 2019இல் அடிப்பொந்தைப் பிடிக்கும் முனையோடும் ஒன்று வந்தது. கைனேஸாகச் செய்யும் வேலையோடு, வெறும் தாங்கியாக நின்று மற்ற புரதங்களைக் கூட்டும் வேலையையும் இது சேர்த்து ஒழிக்கும் என்பதுதான் ஈர்ப்பு. ஆனால் மூலக்கூறு பெரிது, மாத்திரையாக விழுங்கி உடலுக்குள் போவது கடினம். அளவு கூடிப்போனால் இரு முனைகளும் தனித்தனியே நிரம்பி, நடுவில் பாலம் அமையாமல் போகும்.

எதை எடுப்பது

ஏபிஎல்லுக்கு என்றால் என் தேர்வு அடிப்பொந்து. தனியாக இல்லாமல், சில சூழல்களில் பிளவோடு சேர்த்து. இரண்டு இடமும் வேறு வேறு என்பதால் இரு மருந்துகள் ஒரே நொதியில் ஒரே சமயத்தில் உட்கார முடியும். தப்பிக்க விரும்பும் செல் ஒரே மூலக்கூறில் இரண்டு மாற்றங்களைப் பெற வேண்டும். அசிமினிப்பும் நிலோட்டினிப்பும் சேர்த்துக் கொடுத்த எலிகளில், மருந்தை நிறுத்திய பிறகும் கட்டி திரும்பவில்லை என்று 2017இல் வெளியானது. கிரிசெக் குழுவின் அந்த ஆய்விலும் ஒத்துப்போகும் செய்தி இருக்கிறது: இமாட்டினிப் அவிழ்த்த கட்டை, அடிப்பொந்தில் உட்காரும் மூலக்கூறு சேர்ந்ததும் மறுபடி இறுக்கிவிடுகிறது.

ஆனால் இதை எல்லாக் கைனேஸுக்கும் சூத்திரமாக எடுத்துக்கொள்ள முடியாது. பெரும்பாலான கைனேஸ்களுக்கு இப்படி ஒரு பொந்தே கிடையாது. அவற்றுக்கு உறங்கும் வடிவத்தைப் பிடிக்கும் வழியில் தொடங்கி, வாயிற்காவலர் மாறினால் என்ன செய்வது என்பதை முதல் நாளிலிருந்தே எழுதி வைத்துக்கொள்வதுதான் நடைமுறை.

அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, இந்தத் தேர்வு நாம் உட்கார்ந்து யோசிப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பது. அடிப்பொந்தைப் பிடிக்கும் முதல் மூலக்கூறான ஜிஎன்எஃப்-2 (2006) தூய கைனேஸ் துண்டின் மேல் நடத்திய சோதனையில் கிடைக்கவில்லை. ஒட்டுப்புரதத்தை நம்பி வாழும் செல்களையும் அதை நம்பாத செல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்து, முதல் கூட்டத்தை மட்டும் கொல்லும் பொருளைத் தேடியபோது கிடைத்தது. கைனேஸ் துண்டை மட்டும் குழாயில் போட்டிருந்தால் 'பலன் இல்லை' என்று எழுதிக் கழித்திருப்பார்கள். அந்தத் துண்டில் எஸ்எச்3யும் இல்லை, எஸ்எச்2வும் இல்லை. சுருள் மடங்கினாலும் வந்து உட்கார யாரும் இல்லை.

நானும் அந்தத் தவறைச் செய்தவன்தான். கைனேஸ் துண்டைப் பாக்டீரியாவில், பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியான ஒரு பாஸ்பேட்டேஸோடு சேர்த்து வளர்த்தால் இரண்டு நாளில் கை நிறையப் புரதம் கிடைக்கும். மூன்று பகுதிகளும் சேர்ந்த நீண்ட துண்டுக்குப் பூச்சி செல்களை வளர்க்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகும், கிடைப்பதும் கொஞ்சம். அவசரத்தில் குட்டைத் துண்டையே எடுத்தேன். 96 குழித் தட்டில் ஒரு வரிசை முழுவதும் எந்த அசைவும் இல்லை. தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அந்த வரிசையில் என்ன இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே இப்போது யாராவது புதிய கைனேஸ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, பிளவா பொந்தா என்று கேட்டால், சங்கிலியின் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை வளர்த்தீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.